அந்த கீபோர்டை பிடுங்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கம்ப்யூட்டர் புரோகிராமிங் முதல் முதலா படிக்கற பசங்க தடுமாறினா என்ன பண்ணலாம்னு யார கேட்டாலும் ஒரே பதில்தான் வருது, லேப்ல ஆள் கூட போடுங்க, எக்ஸ்ட்ரா கிளாஸ் வைங்க, வீடியோ லிங்க் அனுப்புங்க. வேணாம்னு சொல்லல. ஆனா உதவிங்கற பேர்ல லேப்ல தினமும் நடக்கற ஒரு விஷயத்த பத்தி யாரும் வாய திறக்க மாட்டேங்கறாங்க, நான் இந்த முதல் வருஷ கிளாஸையே எடுத்துட்டு இருக்கறவன்ங்கறதால அத எழுதிடலாம்னு தோணுச்சு, கொஞ்சம் நீளமா போகும், வெட்டணும்னா வெட்டிக்கோங்க.

ஒரு பையன் கைய தூக்கறான், சார் வரல சார்ங்கறான். வாத்தியாரோ சீனியரோ போய் நிக்கறார், ஸ்கிரீன பாத்த உடனே தப்பு எங்கன்னு தெரிஞ்சுடுது, ஏன்னா அதே தப்ப வருஷா வருஷம் பாத்துட்டு வர்றவர். "கொஞ்சம் தள்ளுப்பா"ன்னு கீபோர்ட தன் பக்கம் இழுத்து டக்டக்னு நாலு தட்டு தட்டி ரன் குடுக்கறார், அவுட்புட் வந்துடுது, "புரிஞ்சுதா?", "புரிஞ்சுது சார்", அடுத்த பெஞ்ச். இந்த பையன் புரிஞ்சுதுன்னு சொன்னதுக்கு அவர் சீக்கிரம் நகரட்டும்ங்கறத தவிர வேற அர்த்தமே கிடையாது. மறுவாரம் அதே தப்பு, அதே கை, அதே தள்ளுப்பா.

அப்படி பண்றவங்கள குத்தம் சொல்லவும் முடியல, ஒரு லேப் முழுக்க கை தூக்கிட்டு இருக்கும்போது ஒருத்தன் பக்கத்துல பொறுமையா நிக்க யாருக்கு நேரம் இருக்கு. அதுவும் போக, தப்ப டக்குனு சரி பண்றதுல ஒரு சுகம் இருக்கு பாருங்க, அத விடறது கஷ்டம். ஆனா அந்த நாலு தட்டுல படிச்சது யாருன்னு பாத்தா ஏற்கனவே தெரிஞ்சவர் இன்னொரு தடவ படிச்சார், அவ்ளோதான்.

பைத்தான் எடுத்துக்கோங்க, இப்ப நிறைய எடத்துல சொல்லி குடுக்கற முதல் புரோகிராமிங் லாங்வேஜ் அதுதான். ரெண்டு எண் வாங்கி கூட்டி காட்டணும், அவ்ளோதான் கேள்வி. பொண்ணு ஒருத்தி எழுதிட்டா, ரன் பண்றா, 5 குடுக்கறா, 7 குடுக்கறா, வருது 57. இந்த எடத்துல கீபோர்ட பிடுங்கறவர் இன்புட்ட, அதாவது நாம டைப் பண்ணி குடுக்கறத, எண்ணா மாத்தற இன்ட்டுக்குள்ள போட்டுட்டு போயிடுவார், 12 வந்துடும், அவளும் அன்னைலேர்ந்து எங்க இன்புட் வந்தாலும் இன்ட் போடணும்னு ஒரு மந்திரம் மாதிரி வச்சுப்பா, அப்புறம் பேர் வாங்கற எடத்துலயும் இன்ட் போட்டுட்டு எரர் வந்து முழிப்பா. இதுவே பக்கத்துல உக்காந்து, என்னம்மா எதிர்பாத்தன்னு கேட்டா "12 சார்". என்ன வந்துச்சு? "57." சரி 5, 8 குடுத்து பாரு. 58. 10, 20? 1020. இங்க முகம் மாறும் பாருங்க, "சார் இது கூட்டல, ஒட்டுது சார்". ஏன் ஒட்டுது? கொஞ்சம் யோசிச்சுட்டு "நான் குடுத்தத எண்ணா எடுத்துக்கல, எழுத்தா எடுத்துக்கிச்சு". நாம டைப் பண்றது எல்லாத்தையும் பைத்தான் முதல்ல எழுத்தாதான் வாங்குது, எண்ணா மாத்தறது நம்ம வேலைங்கறது இப்ப அவ கண்டுபிடிச்ச விஷயம். அவ சொன்னதுக்கு அப்புறம் இன்ட்னு ஒன்னு இருக்குன்னு சொல்லலாம், தாராளமா சொல்லலாம். முழுசா மூணு நாலு நிமிஷம் ஆகும், அத குடுக்க முடியலன்னா உதவிக்கு ஆள் போட்டும் பிரயோஜனம் இல்ல.

இன்னொன்னு, நாம எல்லாரும் எழுத வைக்கறதுலயே குறியா இருக்கோம், படிக்க வைக்கறதே இல்ல. இது சும்மா என் அபிப்ராயம் மட்டும் இல்ல. 2001ல மெக்ராக்கன்ங்கறவர் தலைமையில ஒரு குழு நாலு பல்கலைக்கழகத்துல முதல் கோர்ஸ் முடிச்ச 216 பேர கூப்ட்டு கால்குலேட்டர் மாதிரி ஒரு புரோகிராம் எழுத சொன்னாங்க, 110க்கு சராசரி மார்க் 22.89. உலகம் முழுக்க இந்த பாடம் எடுக்கறவங்களுக்கு தூக்கி வாரி போட்டுச்சு. பசங்களுக்கு பிரச்சினைய பிரிச்சு யோசிக்க தெரியலன்னு அப்ப பேசிக்கிட்டாங்க, ஆனா 2004ல லிஸ்டர்னு ஒருத்தர் ஏழு நாட்டு ஆட்களோட சேர்ந்து இன்னும் கீழ எறங்கி பாத்தார், எழுதவே வேணாம், இந்த சின்ன கோட், அதாவது இந்த புரோகிராம் வரிங்க, என்ன பண்ணும் சொல்லு, நாலு விடையில ஒன்ன டிக் பண்ணுன்னு. அதுலயே நிறைய பேர் தடுமாறினாங்க. எழுதறதுக்கு முன்னாடி படிக்கவே வரல, படிக்க வராதவன எழுத சொல்லி, வரலன்னா அவனுக்காக நாம எழுதி குடுத்துட்டு இருக்கோம்.

கோட் படிக்கறதுன்னா என்ன? வரி வரியா கம்ப்யூட்டர் மாதிரியே ஓட்டி பாக்கறது, பேப்பர் பென்சில் போதும். அ = 5, அடுத்த வரி ஆ = அ, அதுக்கு அடுத்து அ = 7, இப்ப ஆ எவ்ளோன்னு கேளுங்க, முதல் வாரத்துல கணிசமான பேர் 7ம்பாங்க. கணக்குல படிச்ச சமன் குறி அப்படித்தானே சொல்லி குடுத்திருக்கு, ரெண்டும் சமம்னா கடைசி வரைக்கும் சமம். இங்க அப்படி இல்ல, அந்த நிமிஷம் அ-வுல இருந்த மதிப்ப எடுத்து ஆ-வுல போட்டாச்சு, அதோட அதுங்க உறவு முடிஞ்சுது. இது பிடிபடாத பையனுக்கு லூப், அதாவது அதே வரிகள திரும்ப திரும்ப ஓட்ட வைக்கறது, நடத்தறதும் ஒன்னுதான் நடத்தாததும் ஒன்னுதான்.

லூப்ல என் கண்ணு முன்னாடி அடிக்கடி நடக்கறது இது. 1லேர்ந்து 4 வரைக்கும் கூட்டணும், 10 வரணும், பையனுக்கு 4 வருது. மொத்தம் = 0ங்கற வரிய லூப்புக்கு உள்ள போட்டிருக்கான். அந்த வரிய மேல தூக்கி வைக்கறது நமக்கு ஒரு செகண்ட் வேலை. அதுக்கு பதிலா, தம்பி ஒரு பேப்பர எடு, ரெண்டு கட்டம் போடு, ஒன்னுல எண், ஒன்னுல மொத்தம், இப்ப நீதான் கம்ப்யூட்டர், ஓட்டுன்னு சொன்னா முதல் சுத்து மொத்தம் 0, அப்புறம் 1ன்னு எழுதுவான். ரெண்டாவது சுத்துல அவன் கை தானா 3ன்னு எழுத போகும். அங்க மட்டும் நிறுத்தி, உன் கோட்ல இருக்கறத ஓட்டு, உன் மனசுல இருக்கறத ஓட்டாதன்னு சொல்லணும். திரும்ப பாப்பான், மொத்தம் = 0... "அட, மறுபடி 0 ஆகுதே சார்!" அவ்ளோதான், அந்த வரி எங்க போகணும்னு அதுக்கப்புறம் அவனுக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

மனசுல இருக்கறத ஓட்டறதுன்னு சொன்னேன்ல, இத ராய் பீங்கற ஆராய்ச்சியாளர் 1986லயே அழகா எழுதி வச்சிருக்கார். கம்ப்யூட்டருக்கு உள்ள ஒரு மூளை இருக்கு, நாம என்ன நினைச்சோம்னு அதுக்கு தெரியும்னு ஆரம்பத்துல படிக்கறவங்க தங்களுக்கே தெரியாம நம்பறாங்க, பல தப்புக்கு மூலமே அதுதான்னு. வாயில கேட்டா யாரும் ஒத்துக்க மாட்டாங்க, ஆனா மதிப்ப போட்டு வைக்கற வேரியபிளுக்கு 'பெருசு'ன்னு பேர் வச்சுட்டு அதுல தானா பெரிய எண் வந்து உக்காரும்னு எதிர்பாக்கற பசங்கள நான் பாத்துட்டுதான் இருக்கேன். நாம கீபோர்ட பிடுங்கி சரி பண்ணும்போது இந்த நம்பிக்கை அப்படியே அவன் கிட்டயே இருக்கும், கோட்ல இருந்த தப்பு மட்டும் போயிருக்கும்.

எரர் மெசேஜ் கதை தனி. செவப்பா ஏதாவது வந்தா படிக்காமயே மூடிட்டு கைய தூக்கறதுதான் வழக்கம், இதுக்கு பசங்கள திட்டி பிரயோஜனம் இல்ல, அந்த மெசேஜ் எல்லாம் தெரிஞ்சவனுக்காக எழுதினது, அதுவும் ஆங்கிலத்துல, வீட்டுல வேற பாஷை பேசற பிள்ளைக்கு அது ரெட்டை சுமை. ரொம்ப நாள் பைத்தான்லயே ஒரு பிராக்கெட் மூட மறந்தா அடுத்த வரிய காட்டி அங்க தப்புன்னு சொல்லும், அந்த வரியில ஒரு தப்பும் இருக்காது, பாவம் பிள்ளை சரியான வரிய மாத்தி மாத்தி எழுதிட்டு இருக்கும். 2021ல வந்த 3.10 வெர்ஷன்ல தான் இந்த பிராக்கெட்ட மூடவே இல்லன்னு அந்த எடத்தையே காட்ட ஆரம்பிச்சாங்க. பழைய வெர்ஷன் போட்டு வச்சிருக்கற லேப் இருந்தா தயவு செஞ்சு மாத்துங்க, காசு செலவில்லாம குடுக்கக்கூடிய உதவி இது. அப்புறம் மெசேஜோட கடைசி வரிய முதல்ல படி, எத்தனாவது வரின்னு பாரு, அந்த வரிக்கு மேல உள்ள வரியையும் பாருன்னு முதல் வாரமே ஒரு நாள் முழுக்க வேணும்னே தப்பான கோட குடுத்து படிக்க வச்சா அப்புறம் கை தூக்கறது பாதியா குறைஞ்சுடும்ங்கறது என் கணிப்பு.

இதெல்லாம் சொன்னா சில சக ஆசிரியர்கள் கிட்டேர்ந்து வர்ற பதில், "சிலருக்கு வரும், சிலருக்கு வரவே வராது, அது பொறப்புலயே இருக்கணும்". இந்த பேச்சுக்கு ஒரு காலத்துல ஆதாரம் மாதிரி ஒன்னு சுத்திட்டு இருந்துச்சு, 2006ல இங்கிலாந்துல தெஹ்நாதி, போர்னாட்னு ரெண்டு பேர் எழுதின ஒரு கட்டுரை, கோர்ஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒரு சின்ன டெஸ்ட் வச்சு யாருக்கு வரும் யாருக்கு வராதுன்னு பிரிச்சுடலாம்னு. அந்த போர்னாட்டே 2014ல அத வாபஸ் வாங்கிட்டார். இந்த பாடத்துல வர்றவங்க ஒரு பக்கம் வராதவங்க ஒரு பக்கம்னு மார்க் ரெண்டு கும்பலா பிரியுதுன்னு சொல்றதையும் 2016ல பட்டிட்சாஸ்ங்கறவங்க சோதிச்சு பாத்துட்டாங்க, கனடாவுல ஒரு பல்கலைக்கழகத்தோட 778 மார்க் பட்டியல எடுத்து பாத்தா அப்படி பிரிஞ்சது 5.8 சதவீதம் தான். கட்டுரை வாபஸ் ஆகி இத்தன வருஷம் ஆச்சு, ஸ்டாஃப் ரூம்ல மட்டும் இன்னும் வாபஸ் ஆகல.

இந்த முதல் கோர்ஸ்ல ஃபெயில் ஆகறவங்க எவ்ளோன்னு கேட்டா, பல நாட்டு கணக்கு எடுத்து பாத்ததுல 2007ல மூணுல ஒரு பங்கு, 2014லயும் கிட்டத்தட்ட அதே, 2019ல எடுத்தப்ப 28 சதவீதம். வேற பாடங்களோட ஒப்பிட்டா இது ரொம்ப மோசம்னு சொல்ல முடியாதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க, இருக்கட்டும், நான் பாக்கறது எப்ப விழறாங்கங்கறத. நியூசிலாந்துல ராபின்ஸ்னு ஒருத்தர் 2010ல சொன்னது எனக்கு ரொம்ப சரின்னு படுது. இந்த பாடத்துல ஒன்னு மேல ஒன்னு உக்காந்திருக்கு, வேரியபிள் புரிஞ்சவனுக்கு 'இப்படி இருந்தா இத பண்ணு'ங்கற இஃப் சுலபம், இஃப் புரிஞ்சவனுக்கு லூப் சுலபம், ஆரம்பத்துல ஒன்னு விட்டா அடுத்தது எல்லாமே கஷ்டம் ஆகிட்டே போகும், அதனாலதான் கடைசில பாத்தா ரெண்டு ஜாதி பசங்க மாதிரி தெரியுது, பொறப்புனால இல்ல. அப்படின்னா உதவி எப்ப வேணும்? முதல் நாலஞ்சு வாரத்துல. நம்ம ஆளுங்க எப்ப எக்ஸ்ட்ரா கிளாஸ் வைக்கறாங்க? பரீட்சைக்கு முந்தின மாசம், ஃபெயில் லிஸ்ட் கைக்கு வந்ததுக்கு அப்புறம். அந்த ஆட்களையும் மணி நேரத்தையும் அப்படியே தூக்கி முதல் மாசத்துல போடுங்க, கூட ஒரு பைசா ஆகாது.

ரெண்டு ரெண்டு பேரா உக்கார வைக்கறது நல்ல வழி, ஒருத்தர் டைப் பண்ணணும், இன்னொருத்தர் பாத்துட்டு அடுத்து என்னன்னு சொல்லணும், கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவ மாத்திக்கணும். வேலை பாக்கற எடத்துலயே இப்படி செய்யறாங்க. ஆனா யாரும் கவனிக்கலன்னா இங்கயும் அதே கீபோர்ட் பிரச்சினைதான், ஸ்கூல்லயே படிச்சிட்டு வந்தவன் முழுசா அடிச்சு முடிச்சுடுவான், பக்கத்துல இருக்கறது மண்டைய ஆட்டிட்டு இருக்கும். மணி அடிச்சா மாறணும்னு கறாரா வைக்கணும். ஏற்கனவே தெரிஞ்சவங்கள தனி செக்‌ஷன்ல போடறது இன்னும் நல்லது. அமெரிக்காவுல ஹார்வி மட் காலேஜ்ல முதல் கோர்ஸ மாத்தி எழுதினப்ப செஞ்சதுல இது ஒன்னு, கூட வேற சில மாற்றமும் சேர்ந்துதான், கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கற பொண்ணுங்க பத்து சதவீதத்துலேர்ந்து சில வருஷத்துல நாப்பதுக்கு வந்தாங்க. முன் பெஞ்ச்ல ஒருத்தன் பெரிய பெரிய வார்த்தையா போட்டு சந்தேகம் கேக்கும்போது பின்னாடி இருக்கறவங்க, எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு நமக்குத்தான் தெரியலன்னு முடிவு கட்டிடறாங்க, அவன் கேட்டது சந்தேகமே இல்லன்னு அவங்களுக்கு யார் சொல்றது.

இப்ப கேட்டா கோட் எழுதி குடுக்கற சாட்ஜிபிடி வந்துடுச்சு, 2022 நவம்பர்ல அது வந்ததுலேர்ந்து நான் பாத்த வரைக்கும் லேப்ல கை தூக்கறது கொஞ்சம் குறைஞ்சிருக்கு. சிலர் இத முன்னேற்றம்னு சொல்றாங்க. கொஞ்சம் யோசிச்சு பாத்தா இது கீபோர்ட பிடுங்கற அதே சார் தான், தூங்க மாட்டார், சலிச்சுக்க மாட்டார், எல்லா பெஞ்ச்லயும் ஒரே நேரத்துல உக்காந்திருப்பார். தடை போடறதுல எனக்கு நம்பிக்கை இல்ல, வீட்டுல யார் பாக்க போறா. ஆனா அது குடுத்த கோட கொண்டு வா, நடுவுல ஒரு வரிய நான் அழிக்கறேன், அழிச்சா என்ன அவுட்புட் வரும்னு ரன் பண்ணாம சொல்லுன்னு கேக்கலாமே? சொல்லிட்டான்னா அவன் எங்கேர்ந்து எடுத்தா என்ன. அதுகிட்டயே விடைய சொல்லாத, குறிப்பு மட்டும் குடுன்னு கேக்கலாம்னு பசங்களுக்கு சொல்லி குடுக்கறதும் நல்லதுதான், அத கடைபிடிக்கற மன உறுதி ராத்திரி பதினோரு மணிக்கு அசைன்மென்ட் முன்னாடி எத்தனை பேருக்கு இருக்கும்ங்கறது வேற விஷயம்.

மார்க் போடறவங்க கிட்டயும் ஒரு வார்த்தை. பரீட்சையில முழு புரோகிராம் எழுதுன்னே கேட்டுட்டு இருந்தா பசங்க மனப்பாடம் பண்ணத்தான் செய்வாங்க, செமிகோலன் உட்பட ஒப்பிக்கறவன் இருக்கான், அதுல 10ங்கறத 20ன்னு மாத்த சொன்னா கை நடுங்கும். பாதி மார்க்க படிக்கற கேள்விக்கு குடுங்க, இது என்ன அச்சடிக்கும், இந்த வரி எதுக்கு, இது எந்த இன்புட்டுக்கு தப்பா போகும்னு. மார்க் எங்க இருக்கோ பசங்க அங்க போவாங்க, இதுல மட்டும் ஆராய்ச்சி ஒன்னும் தேவையில்ல.

வீட்டுல அக்கா, அண்ணன், மாமான்னு ஐடி வேலையில இருக்கறவங்க உதவ உக்காந்தாலும் இதேதான். கைய கட்டிக்கோங்க, இல்ல ஒரு டம்ளர கையில பிடிச்சுக்கோங்க, என்ன எதிர்பாத்த, என்ன வந்துச்சு, எந்த வரி வரைக்கும் சரின்னு உனக்கு உறுதியா தெரியும், இந்த மூணையும் கேட்டுட்டு வாய மூடிட்டு இருங்க. மூணாவது கேள்விக்கு பதில் தேடும்போதே பாதி பேர் தப்ப கண்டுபிடிச்சுடுவாங்க.

கடைசியா உங்க கிட்ட ஒரு வேண்டுகோள் ஆசிரியர் சார். பத்திரிகைங்கள்ல மாணவர் பக்கத்துல கம்ப்யூட்டர் பாடம் வந்தா முழு புரோகிராமும் அதோட அவுட்புட்டும்தான் போடறாங்க, அதையும் பசங்க வெட்டி ஒட்டி மனப்பாடம் பண்றாங்க. அதுக்கு பதிலா வரிகள கலச்சு போட்டு வரிசைப்படுத்த சொல்லுங்க. பார்சன்ஸ், ஹேடன்னு ரெண்டு பேர் 2006ல ஆரம்பிச்சு வச்ச முறை இது, மேல சொன்ன நியூசிலாந்து ராபின்ஸ் இருந்த அதே டனீடின் ஊர்தான், அந்த ஊர்ல என்னவோ இருக்கு போல. டைப்பிங் தப்பு, கமா தப்பு எதுவும் குறுக்க வராது, யோசனை மட்டும்தான். ஒரு மாதிரிக்கு நானே ஒன்னு எழுதி அனுப்பறேன், ஒரு லிஸ்ட்ல இருக்கற எண்ணுங்கள்ல பெரியத கண்டுபிடிக்கணும்:

பெருசு = எண்
பெருசு-வ பிரிண்ட் பண்ணு
லிஸ்ட்ல இருக்கற ஒவ்வொரு எண்ணா எடுத்து
பெருசு = 0
அந்த எண் பெருசு-வ விட அதிகமா இருந்தா
பெருசு = லிஸ்ட்டோட முதல் எண்

இதுல ஒரு வரி வேண்டாத வரி, அத போட்டாலும் பெரும்பாலும் சரியான விடை வந்துடும், சில லிஸ்ட்டுக்கு மட்டும் கவுத்துடும், எந்த மாதிரி லிஸ்ட்டுன்னும் பசங்க எழுதணும். போடறதா இருந்தா விடைய மட்டும் அதே பக்கத்துல கீழ தலைகீழா அச்சடிச்சுடாதீங்க, அடுத்த வாரம் போடுங்க.

இப்படிக்கு,
முதல் வருஷ பசங்களுக்கு புரோகிராமிங் எடுக்கும் ஒரு ஆசிரியர்